எங்கள் ஆவணங்கள் எங்கள் கையில்: ஒமேகாவை நிறுவிப் பார்த்த அனுபவம்

கிளிநொச்சியில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனபோது அவர் முதலில் எடுத்து வைத்தது ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை. அதற்குள் லமினேட் செய்த ஒரு புகைப்படம், மகனின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த பற்றுச்சீட்டு, வந்து போன ஒவ்வோர் ஆணைக்குழுவுக்கும் எழுதிய கடிதங்களின் பிரதிகள். எல்லாம் 2009 மே மாதத்துக்குப் பிறகு சேர்ந்தவை.

“போற இடமெல்லாம் இதைத்தான் கொண்டு திரியிறன். ஒருக்கா மழைக்கும் நனைஞ்சு போச்சு. எனக்குப் பிறகு இதை ஆர் பிள்ளை வச்சிருக்கிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பந்தலில் இருந்த பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். அவர்களுடைய பைகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பல வீடுகளில் சரியான பதில் இல்லை.

அந்த அம்மாவும் அயலில் உள்ள இன்னும் சில குடும்பங்களும் சம்மதித்ததன் பிறகு, அவர்களுடைய ஆவணங்களை ஒழுங்காகச் சேர்த்து வைக்க ஒரு வழி தேடினோம். கடைசியில் ‘ஒமேகா’ என்ற மென்பொருளை ஒரு லினக்ஸ் சேர்வரில் நிறுவினோம். நான் கணினித்துறையில் படித்ததில்லை. ஆனாலும் அதை நிறுவ முடிந்தது. நிறுவும்போது என்ன நடக்கிறது, எங்கே தடக்குப்படுவோம், எதை அதற்குள் வைக்கவே கூடாது என்பதை இதே வேலையைச் செய்ய நினைக்கும் குடும்பங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் இளைஞர்களுக்கும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பேஸ்புக் போதாதா?

பலரும் முதலில் கேட்பது இதைத்தான். படத்தைப் பேஸ்புக்கில் போட்டால் உலகம் பார்க்கும், வட்ஸ்அப்பில் அனுப்பினால் எல்லோரிடமும் இருக்கும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால், இரண்டுமே படத்தைச் சுருக்கித்தான் வைக்கின்றன. கடிதத்தில் உள்ள சிறிய எழுத்தையோ முத்திரையையோ பின்னர் பெருப்பித்து வாசிக்க முடியாமல் போகலாம். எந்தப் படம் எந்தக் கடிதத்தோடு சேர்ந்தது என்பதும் அங்கே பதிவாவதில்லை. கணக்கை வைத்திருப்பவர் இறந்தாலோ கடவுச்சொல்லை மறந்தாலோ எல்லாம் அவரோடு போய்விடும். தங்கள் விதிகளுக்கு ஒவ்வாதது என்று அந்த நிறுவனம் ஒரு பதிவை நீக்கிவிட்டால் எங்களால் பெரிதாக எதுவும் செய்யவும் முடியாது.

சொந்தமாக ஓர் இணையத்தளம் வைத்திருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. நான் பங்கெடுத்திருந்த ஒரு சிறிய ஆவணத் திட்டத்தின் இணையத்தளம் 2022 இல் இல்லாமற்போனது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வருடக் கட்டணத்தை டொலரில் கட்டவேண்டியிருந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய காலம் அது. எங்களுடைய வங்கி அட்டை ஏற்கப்படவில்லை. நினைவூட்டல் மின்னஞ்சல்களோ, வேலையை விட்டு வெளிநாடு போய்விட்ட ஒருவரின் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் கவனித்தபோது எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. வேறு பிரதி ஒருவரிடமும் இல்லை.

அந்தத் தளத்தில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. முழுத் தளமும் ஒரே ஆளுடைய மின்னஞ்சலில் தங்கியிருந்தது. அதுதான் பிழை. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

ஒமேகா என்றால் என்ன?

ஒமேகா என்பது சுவாஹிலிச் சொல். பொருட்களை விரித்து வைத்தல், கட்டவிழ்த்துப் பரப்புதல், வாய்விட்டுப் பேசுதல் என்றெல்லாம் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் உள்ள ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ரோய் ரோசன்ஸ்வைக் வரலாறு மற்றும் புதிய ஊடக மையம் இதனை 2008 இல் வெளியிட்டது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல் பற்றிய சாதாரண மக்களின் மின்னஞ்சல்களையும் படங்களையும் கதைகளையும், 2005 கத்ரீனா சூறாவளியில் தப்பியவர்களின் நினைவுகளையும் இந்த மையம் அதற்கு முன்னரே இணையத்தில் சேகரித்திருந்தது. பேரழிவு ஒன்றின் பின்னர் சாதாரண சனங்களிடம் இருப்பதைச் சேர்த்து வைப்பதில் அனுபவம் பெற்றவர்கள் செய்த மென்பொருள் என்பதால் எங்கள் தேவைக்கும் அது பொருந்துகிறது.

இது இலவசமானது. மூலநிரலும் திறந்தது, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். இதில் இரண்டு வகை உண்டு. ‘ஒமேகா கிளாசிக்’ ஒரு சேகரிப்புக்கு ஓர் இணையத்தளம் என்ற கணக்கில் இயங்குவது. 2017 இல் வந்த ‘ஒமேகா எஸ்’ ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்த விரும்பும் பல்கலைக்கழகங்கள், அருங்காட்சியகங்கள் போன்றவற்றுக்கானது. நாங்கள் எடுத்தது கிளாசிக்.

2005 இலிருந்து இயங்கும் நூலகம் திட்டம் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் எண்ணிமமாக்கி வருவதை வாசகர்கள் அறிவார்கள். வீட்டில் பழைய சஞ்சிகையோ கோயில் மலரோ இருந்தால் அவர்களிடம் கொடுப்பதே நல்லது. ஆனால், ஒரு தாயின் பையில் இருப்பவை அப்படிப்பட்டவையல்ல. அவற்றில் எதை யார் பார்க்கலாம் என்பதைத் துண்டு துண்டாக, குடும்பத்தோடு இருந்து முடிவெடுக்க வேண்டும். அதற்குத்தான் தனியான ஓர் இடம் தேவைப்பட்டது.

சேர்வரை ஆயத்தப்படுத்தல்

சேர்வர் என்பது எந்நேரமும் இயங்கிக்கொண்டும் இணையத்தோடு இணைந்தும் இருக்கும் ஒரு கணினிதான். வீட்டில் வைத்து நடத்துவது எங்களுக்குச் சரிவராது; 2022 இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒரு கிகாபைட் நினைவகம் கொண்ட சிறிய சேர்வர் போதும். மாதம் ஐந்து, ஆறு டொலருக்கு இது கிடைக்கிறது.

அதில் லினக்ஸ் இயங்குதளமாக உபுண்டுவைப் போட்டோம். உபுண்டுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீண்டகால ஆதரவுப் பதிப்பு வெளியாகும். அதற்கு ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். எப்போதும் அந்தப் பதிப்பையே தெரிவுசெய்யுங்கள். சேர்வருக்குத் திரை கிடையாது. உங்கள் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு மூலம் உள்நுழைந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். கட்டளைகள் எல்லாம் ஒமேகாவின் இணையத்தளத்தில் உள்ள கையேட்டிலும் உபுண்டுவின் கையேட்டிலும் உள்ளன. எந்தக் கட்டளை எதற்கு என்பது தெரியாமல் தட்டினால் பிழை வரும்போது பயந்துவிடுவோம் என்பதால் அதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

ஒமேகா இயங்க நான்கு பொருட்கள் தேவை. ஒன்று, அப்பாச்சி: யாராவது உங்கள் முகவரியைத் திறக்கும்போது பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். இரண்டு, மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி: பெயர், திகதி, விவரம் ஆகிய எழுத்துக்கள் எல்லாம் சேமிக்கப்படும் தரவுத்தளம். மூன்று, பிஎச்பி: ஒமேகா எழுதப்பட்டிருக்கும் மொழி. நான்கு, இமேஜ்மஜிக்: நீங்கள் ஏற்றும் பெரிய படத்திலிருந்து சிறிய படங்களைச் செய்து தருவது. நான்கையும் உபுண்டு தன் களஞ்சியத்திலிருந்தே இறக்கித் தரும். பிஎச்பியோடு மைஎஸ்கியூஎல்ஐ, எக்ஸிஃப் என்ற இரண்டு துணைப் பகுதிகளையும் சேர்க்க மறக்க வேண்டாம்.

அடுத்தது தரவுத்தளம். அதில் ஒமேகாவுக்கென வெற்றுத் தரவுத்தளம் ஒன்றையும், அதை மட்டும் கையாளக்கூடிய ஒரு பயனரையும் உருவாக்க வேண்டும். எழுத்து முறையாக யுடிஎஃப்-8 என்பதைக் கொடுங்கள். அப்போதுதான் தமிழ் தமிழாகவே இருக்கும்.

ஒமேகாவை நிறுவுதல்

ஒமேகாவின் தளத்திலிருந்து கிடைக்கும் சுருக்கிய கோப்பைச் சேர்வரில் இறக்கி, அப்பாச்சி பார்க்கும் கோப்புறைக்குள் விரிக்க வேண்டும். உள்ளே டிபி என்ற பெயரில் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு இருக்கும். அதைத் திறந்தால் சில இடங்களில் எக்ஸ் எழுத்துக்கள் வரிசையாக இருக்கும். அவற்றை அழித்துவிட்டு, தரவுத்தளம் இருக்கும் கணினி, பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர் ஆகிய நான்கையும் எழுதிச் சேமிக்க வேண்டும். தரவுத்தளமும் அதே சேர்வரில் இருந்தால் கணினி என்ற இடத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் சரி.

நாங்கள் அரைநாள் மினக்கெட்டது இதற்கு அடுத்த படியில். ஒமேகாவின் பக்க முகவரிகள் ஒழுங்காக வேலைசெய்ய அப்பாச்சியில் ‘ரீரைட்’ என்ற பகுதி இயங்க வேண்டும். அதோடு, கோப்புறைக்குள் இருக்கும் எச்டிஅக்சஸ் என்ற கோப்பை மதிக்கும்படியும் அப்பாச்சிக்குச் சொல்ல வேண்டும். உபுண்டுவில் இது இயல்பாக மூடியே இருக்கும். இன்னொரு சிக்கல், அந்தக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது மறைந்திருக்கும். கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும்போது அது தவறிப்போகும். எங்களுக்கு நடந்தது அதுதான். பக்கங்கள் ஒழுங்காகத் திறக்காவிட்டால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

பிறகு ‘ஃபைல்ஸ்’ என்ற கோப்புறைக்குள் எழுதும் அனுமதியை அப்பாச்சிக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் ஏற்றும் படங்கள் எல்லாம் அங்கேதான் சேரும். எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிடுமாறு சிலர் சொல்வார்கள். அது கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். அப்பாச்சி இயங்கும் பயனருக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

இவ்வளவும் முடிந்ததும் உலாவியில் உங்கள் முகவரியைத் திறந்தால் நிறுவல் படிவம் வரும். நிர்வாகியின் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல், தளத்தின் தலைப்பு, படங்களின் அளவு, இமேஜ்மஜிக் இருக்கும் இடம் ஆகியவற்றை நிரப்பி அழுத்தினால் வேலை முடிந்தது.

அந்த வேலையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, முகவரிக்குப் பூட்டு அடையாளம் வரச் செய்வது. ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ இதற்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது. அது 90 நாளில் முடிவடையும். தானாகவே புதுப்பிக்கும்படி அமைத்துவிட வேண்டும். இது இல்லாவிட்டால் நீங்கள் தட்டும் கடவுச்சொல் வழியில் இருப்பவர்களுக்கு வெளிப்படையாகத் தெரியும். இரண்டாவது, பிஎச்பி இயல்பாக 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஒழுங்காக ஸ்கேன் செய்த ஒரு கடிதம் அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த எல்லையையும், ஒரு தடவை அனுப்பக்கூடிய மொத்த அளவின் எல்லையையும் கூட்டிவிட்டு அப்பாச்சியை மீள இயக்க வேண்டும். மூன்றாவது, புதிய பயனரைச் சேர்க்கும்போது ஒமேகா அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். சேர்வரில் மின்னஞ்சல் அனுப்பும் வசதியை அமைக்காவிட்டால் அது போய்ச் சேராது.

எங்களுக்கு எல்லாமாக ஒன்றரை நாள் பிடித்தது. பழகியவருக்கு ஒரு பிற்பகல் போதும்.

பெயர் எழுதுவதே பெரிய வேலை

நிறுவி முடித்த பின்னர்தான் உண்மையான வேலை தொடங்கியது. ஒமேகாவில் ஒவ்வொரு பொருளும் ஓர் ‘உருப்படி’. அதை விவரிப்பதற்கு ‘டப்ளின் கோர்’ என்ற 15 தலைப்புகள் உள்ளன: தலைப்பு, பொருள், விவரம், உருவாக்கியவர், மூலம், திகதி, உரிமை, மொழி, இடம் என்று அவை போகும். 1995 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் உருவானதால் அந்தப் பெயர். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் உலகெங்கும் இதைப் பயன்படுத்துவதால், நாளைக்கு எங்கள் சேகரிப்பை வேறு மென்பொருளுக்கு மாற்ற நேர்ந்தாலும் விவரங்களைக் கொண்டுபோகலாம்.

அந்த அம்மாவின் மகனுடைய படத்துக்கு நான் முதலில் எழுதிய விவரம், ‘2009 மே மாதம் காணாமற்போனவர்’ என்பது. வாசித்துக் காட்டினேன். அம்மா கையைக் காட்டி நிற்பாட்டினார்.

“அவன் காணாமப் போகேல்ல பிள்ளை. வட்டுவாகலில நான்தான் கையால பிடிச்சுக் குடுத்தனான். குடுத்தது எண்டு எழுதுங்கோ.”

‘2009 மே மாதம் வட்டுவாகலில் தாயால் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்’ என்று மாற்றினோம். யார் சொன்ன விவரம், எந்தத் திகதியில் சொன்னது என்பதை மூலம் என்ற இடத்தில் எழுதினோம். தெரியாத திகதியை ஊகித்து எழுதவில்லை. ‘2008 அளவில், தாயின் நினைவின்படி’ என்று எழுதினோம். பின்னொரு நாளில் இதை ஒருவர் சான்றாக எடுத்துப் பார்க்கும்போது, எது உறுதியானது, எது நினைவு என்பது பிரிந்து தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் எங்களுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒன்று பாமினி. ஊர்ச் சங்கங்களிடமும் பழைய அலுவலகங்களிடமும் இருக்கும் தட்டச்சுப் பிரதிகள் பல பாமினி எழுத்துருவில் உள்ளன. அவற்றை அப்படியே வெட்டி ஒமேகாவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகத் தெரியும், தேடவும் முடியாது. முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை வாசித்துத் திருத்திய பின்னரே ஏற்ற வேண்டும்.

மற்றது பெயர்கள். ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, சிங்களத்தில் எழுதிய பொலிஸ் முறைப்பாட்டில் வேறொரு மாதிரி இருக்கும். கணினிக்கு அவை மூன்று பேர். ஆகவே ஆவணத்தில் இருப்பதை இருக்கிறபடியே எழுதி, குடும்பம் சொல்லும் பெயரையும் மற்ற வடிவங்களையும் குறிச்சொற்களாகச் சேர்த்தோம். ஊர்ப் பெயர்களுக்கும் அப்படியே.

ஸ்கேன் செய்வதைப் பற்றியும் ஒரு சொல். லமினேட் செய்த படத்தைத் தொலைபேசியால் எடுத்தால் வெளிச்சம் பட்டு முகம் மறையும். யன்னலுக்குப் பக்கவாட்டில், நேர் வெயில் படாமல், ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். லமினேட்டைக் கிழித்துப் படத்தை எடுக்க முயலவேண்டாம். படமும் சேர்ந்தே வரும். இனிமேல் எதையும் லமினேட் செய்யாமல் இருப்பது இன்னும் நல்லது.

மறைத்தது உண்மையில் மறைந்திருக்கிறதா?

இந்தப் பகுதியை மட்டுமாவது கட்டாயம் வாசியுங்கள். ஒமேகாவில் ஒவ்வோர் உருப்படிக்கும் ‘பொது’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அடையாளமிடாவிட்டால் அந்த உருப்படி தளத்துக்கு வருபவர்களுக்குத் தெரியாது, தேடினாலும் வராது. இதை நம்பி எல்லாவற்றையும் ஏற்றிவிடுவோம் என்றுதான் முதலில் நாங்களும் நினைத்தோம்.

ஆனால், மறைக்கப்படுவது உருப்படியின் பக்கம்தான். படக் கோப்பு சேர்வரின் ஃபைல்ஸ் கோப்புறையில் சாதாரணமாகவே கிடக்கிறது. அதன் பெயரை நீண்ட எழுத்துக் கோவையாக ஒமேகா மாற்றிவிடுவதால் ஊகிப்பது கடினம். ஆனால், அந்தக் கோப்பின் நேரடி முகவரி ஒருவருக்குக் கிடைத்துவிட்டால், கடவுச்சொல் இல்லாமலே அவர் அதைத் திறக்கலாம். ஆகவே ‘பொது அல்ல’ என்பது திரைச்சீலை மாதிரி. இரும்புப் பெட்டி அல்ல.

இரண்டாவது, தொலைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அமைவிடமும் நேரமும் பதிந்திருக்கலாம். ஒமேகா மூலப் படத்தை அப்படியே வைத்திருக்கும். ஒரு சாட்சியின் வீட்டு முற்றத்தில் எடுத்த படம், அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். தொலைபேசியில் அமைவிடப் பதிவை நிறுத்திய பின்னரே படமெடுங்கள். ஏற்கனவே எடுத்தவற்றில் அதை அகற்றிய பிரதியைத்தான் ஏற்ற வேண்டும்.

1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமும் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உள்ள நாட்டில் நாங்கள் இருக்கிறோம். சேர்வர் ஜேர்மனியில் இருந்தாலும் அதில் படத்தை ஏற்றியவரும் படத்தில் இருப்பவரின் குடும்பமும் இங்கேதான் இருக்கிறார்கள். அதனால் நாங்கள் மூன்று அடுக்கு வைத்துக்கொண்டோம். குடும்பம் எழுத்தில் சம்மதித்தவை பொதுவில். குடும்பத்துக்கும் நம்பிக்கையானவர்களுக்கும் மட்டும் உரியவை ஒமேகாவுக்குள், பொதுவல்லாமல். சீருடைப் படங்கள், உயிரோடு இருக்கும் சாட்சிகளின் வாக்குமூலங்கள், வேறு ஆட்களை அடையாளம் காட்டக்கூடியவை ஆகியன இணையத்துக்கே போகாது. அவை கடவுச்சொல்லால் பூட்டிக் குறியாக்கம் செய்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வேறு இடங்களில் இருக்கின்றன. எது எந்த அடுக்கு என்பதில் சந்தேகம் வந்தால் சட்டத்தரணியிடம் கேட்டோம். சம்மதித்தவர் நாளைக்கு மனம் மாறினால் அன்றைக்கே எடுத்துவிடுவோம் என்றும் சொல்லியிருக்கிறோம்.

பயனர்களிலும் படிநிலை உண்டு. ‘பங்களிப்பாளர்’ உருப்படிகளைச் சேர்க்கலாம். ஆனால் பொதுவில் விட முடியாது. ‘ஆய்வாளர்’ மறைத்தவற்றையும் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது. உதவிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பங்களிப்பாளர் கணக்கே போதும். அவசரத்தில் ஒரு படம் வெளியே போய்விடாமல் இது காக்கும்.

திறப்பு யாரிடம்?

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் எரிந்துபோயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் சமூகத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஒமேகாவைப் பிரதி எடுக்கும்போது தரவுத்தளம், ஃபைல்ஸ் கோப்புறை ஆகிய இரண்டையும் ஒன்றாக எடுக்க வேண்டும். தரவுத்தளம் மட்டும் இருந்தால் பெயர்கள் இருக்கும், முகங்கள் இருக்காது. கோப்புறை மட்டும் இருந்தால் முகங்கள் இருக்கும். ஆனால் கோப்புப் பெயர்களை ஒமேகா மாற்றிவிட்டதால் எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் வாரத்துக்கு ஒருமுறை இரண்டையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போடுகிறோம். இன்னொரு பிரதி வெளிநாட்டில் ஓர் உறவினரிடம் குறியாக்கத்தோடு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் நிறுவித் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

சேர்வரின் கணக்கு, முகவரியின் கணக்கு, ஒமேகாவின் நிர்வாகிக் கணக்கு ஆகிய மூன்றின் விவரமும் இரண்டு பேரிடம் இருக்கின்றன. கட்டண நினைவூட்டல் இரண்டு பேரின் மின்னஞ்சலுக்கும் வருகிறது. ஒருவருக்கு ஏதாவது நடந்தால் மற்றவர் என்ன செய்யவேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். உபுண்டுவின் திருத்தங்களும் ஒமேகாவின் புதிய பதிப்புகளும் வரும்போது போடுவது யார் என்பதும் அந்தத் தாளில் உண்டு. பழைய பதிப்பைப் போட்டுவிட்டு மறந்த தளத்துக்குள் யாரும் நுழைந்துவிடலாம்.

இவ்வளவையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் சேர்வர் வேண்டாம். ஒமேகாவைச் செய்தவர்களே கட்டணத்துக்கு நடத்தும் ‘ஒமேகா.நெட்’ சேவை இருக்கிறது; நிறுவும் வேலையும் திருத்தும் வேலையும் அவர்களுடையது. கட்டணத்தையும் பிரதியையும் மட்டும் நீங்கள் கவனித்தால் சரி.

அதுவும் இப்போதைக்கு முடியாது என்றால், ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பையில் இருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து, ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்ட கடித உறைக்குள் போடுங்கள். கொப்பியில் அந்த இலக்கத்துக்கு எதிரே படத்தில் இருப்பது யார், இடமிருந்து வலமாக யார் யார், எங்கே எடுத்தது, யார் எடுத்தது, கடிதத்தை யாருக்கு எந்தத் திகதியில் கொடுத்தது, பதில் வந்ததா என்று எழுதுங்கள். எழுதும்போது தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மென்பொருளைப் பத்து வருடம் கழித்தும் நிறுவலாம். இந்தக் கேள்விகளுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பார்களா என்பது தெரியாது.

அந்த அம்மாவின் பை இன்னும் அவரிடமேதான் இருக்கிறது. மூலப் பிரதிகளை நாங்கள் வாங்கவில்லை; வாங்கவும் கூடாது. அவருடைய பேத்தி இப்போது உயர்தரம் படிக்கிறார். பங்களிப்பாளர் கணக்கு ஒன்றை அவருக்குத் திறந்து கொடுத்திருக்கிறோம். மாமாவின் தேர்ச்சி அறிக்கையை அவர்தான் ஏற்றினார். பொதுவில் விடுவதா என்று அம்மாவிடம் கேட்டோம்.

“கணக்கில குறைவாத்தான் எடுத்திருக்கிறான். அதை விடவேண்டாம், வெக்கப்படுவான்” என்றார்.

அந்த உருப்படி இன்றுவரை பொதுவில் இல்லை.